அதிக நேரம் காய்ச்சினால் பாலில் இருக்கும் ஈயம் போய்விடுமா?

கேள்வி: வெண்ணிலா

மாடு வளர்ப்பவரிடமே நேராகப் பால் வாங்குகிறோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் நன்றாகப் பொங்கவிட்டுத்தான் இறக்குவேன். போன வாரம் மேய்ச்சல் நிலத்துக்குப் போனபோது, வேலியை ஒட்டிப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் கொட்டகை ஒன்றைப் பார்த்தேன். ஒரு பசு உடைந்த தகட்டை நக்கிக்கொண்டு நின்றது. இன்னும் கூடுதலாகக் காய்ச்சினால் போதுமா?

பதில்: ஆய்வுக்கூடத்தான்

போதாது. பால் பரிசோதனைதான் என் வேலை. இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலே சால்மொனெல்லா, லிஸ்டீரியா, காசநோய்க் கிருமி எல்லாம் செத்துவிடும். ஈயம் சாவதற்கு அது உயிரா என்ன? காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றும், ஈயம் அப்படியே கிடக்கும். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரப்படி ஒரு கிலோ பாலில் 0.02 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. நிறத்திலோ மணத்திலோ அது தெரியாது.

அந்தப் பசுவின் பாலை இன்றே நிறுத்துங்கள். அதே நிலத்தில் மேயும் மற்ற மாடுகளின் பாலையும், சோதனை முடியும்வரை, குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

பதில்: கறவைக்காரன்

எங்கள் வீட்டில் எல்லோரும் பச்சையாகக் குடித்தே வளர்ந்தவர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சலைத் தனியாகக் கருப்புத் துணியில் விட்டுப் பார்ப்பேன். திரிதிரியாக இருந்தால் மடிநோய்; அந்தக் காம்புப் பாலைச் சேர்க்க மாட்டேன். சுத்தமாகக் கறந்தால் பயமில்லை. ஆனால் பேட்டரி விஷயத்தில் மேலே சொன்னவர் பக்கம்தான் நான். ஈயம் தின்ற கன்று கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: ஆய்வுக்கூடத்தான்

கருப்புத் துணிச் சோதனை அருமையான பழக்கம். ஆனால் புருசெல்லா என்ற நோய்க் கிருமி உள்ள பால் துணியில் வெள்ளைவெளேரென்றுதான் விழும். பச்சையாகக் குடிப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காய்ச்சுவதற்கும் ஓர் எல்லை உண்டு. கறந்த பால் வெளியில் கிடந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பெருகி நச்சை விட்டுவிடும். கிருமி செத்தாலும் அந்த நச்சு கொதியைத் தாங்கும். அதனால் கறந்ததும் 4 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். எங்கள் கூடத்தில் பாலில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் விட்டு 37 டிகிரியில் வைப்போம். அரை மணி நேரத்துக்குள் நீலம் வெளுத்தால் கிருமி மண்டிய பால். ஐந்து மணி நேரம் தாங்கினால் கறந்தவரைப் பாராட்டலாம். ஈயத்துக்கு இந்த நீலம் உதவாது.

கேள்வி கேட்டவர்: வெண்ணிலா

பாலை நிறுத்திவிட்டேன். மாட்டுக்காரரிடமும் சொன்னேன்; முதலில் கோபப்பட்டார், பிறகு மாடுகளை வேறு பக்கம் ஓட்டினார். பாலைச் சோதனைக்குக் கொடுத்தால் போதுமா?

பதில்: ஆய்வுக்கூடத்தான்

மாட்டின் இரத்தத்தையும் கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் ஏறிய ஈயத்தில் சிறு பங்குதான் பாலில் இறங்கும். இடம் மாற்றிய உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எண்ணவேண்டாம். எலும்பில் தங்கிய ஈயம் மெதுவாகத்தான் வெளியேறும். குழந்தை இவ்வளவு காலம் அந்தப் பாலைக் குடித்திருப்பதால் மருத்துவரிடம் காட்டி அதன் இரத்தத்திலும் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். பால் மாதிரியை வீட்டுப் பாத்திரத்தில் எடுக்காதீர்கள். அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் புட்டியைச் சோதனைக் கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.