இஞ்சி பீர் திறந்ததும் பொங்கி வழிகிறது, வாடையும் வருகிறது. என்ன செய்யலாம்?

ஈரோட்டுக்காரன்:
வணக்கம்ங்க. பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) எதுவும் இல்லாத இஞ்சி பீர் போடுகிறேன். தோலோடு தட்டிய இஞ்சியில் புளித்த ஊறல், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம், எலுமிச்சை, தண்ணீர். அவ்வளவுதான். தை மாதம் அருமையாக வந்தது. இந்தச் சித்திரையில் மூடியைத் திருகினாலே பாதி தரைக்குப் போகிறது. இனிப்பும் நன்றாகக் குறைந்துவிட்டது. நெயில் பாலிஷ் வாடை வேறு. சமையலறை சின்னது, பாட்டில் அடுப்பு மேடையில்தான் இருக்கும்.

திருப்பூர் அண்ணன்:
சர்க்கரையைப் பாதியாக்குங்க தம்பி, சரியாயிடும்.

கோபி அக்கா:
அது மட்டும் போதாதுங்க. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தாலே சுமார் ஒரு லிட்டர் வாயு வரும். சோடா மாதிரி சுர்ரென்று இருக்க 15 கிராம் புளித்தால் தாராளம். மிச்சம் இனிப்புக்குத்தான். ஊறலைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் நுண்ணுயிருக்கு அந்தக் கணக்குத் தெரியுமா? மூடிய பாட்டிலில் அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும். 25 டிகிரிக்குப் பக்கம் இருந்தால் நிதானமாக வேலை செய்யும். ஈரோட்டு வெயிலில், அதுவும் அடுப்போரம், தறிகெட்டு ஓடும். அந்த நெயில் பாலிஷ் வாடை எத்தில் அசிட்டேட் என்ற ரசாயனத்தால் வருவது. பெரும்பாலும் சூட்டில் ஈஸ்ட் தவிக்கும்போது அது உண்டாகும்.

பாட்டில் கண்ணாடியா? ஆமென்றால் முதலில் அதை மாற்றுங்கள், வெடித்தால் கண் போய்விடும். பழைய சோடா பிளாஸ்டிக் பாட்டில் போதும். விரலால் அழுத்துங்கள். கல்லு மாதிரி ஆனதும் நேராக ஃபிரிட்ஜுக்கு, நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பிறகு திறந்தால் வாயு தண்ணீருக்குள்ளேயே தங்கும். பாட்டில் கல்லு மாதிரி ஆகும்வரை அகலமான மண்சட்டியில் தண்ணீர் விட்டு, பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றி, ஜன்னல் பக்கம் நிழலில் வையுங்கள். நாட்டுச் சர்க்கரைக் கசடும் நுரையைக் கிளப்பும். வேட்டித்துணியில் ரெண்டு தடவை வடிகட்டுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
கண்ணாடிதானுங்க அக்கா, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். பையனும் கேட்கிறான், ஒரு டம்ளர் கொடுக்கலாமா?

சேலத்து வாத்தியார்:
கொடுக்காதீங்க. இனிப்பு குறையக் குறைய சாராயம் கூடுகிறது என்று அர்த்தம். 100 கிராமும் முழுக்கப் புளித்தால் அளவு 6 சதவீதத்தை ஒட்டி வரும், கடை பீர் கணக்கு. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1937 மதுவிலக்குச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது எங்கள் சேலம் ஜில்லாவில்தான். அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வீட்டில் மது காய்ச்ச முடியாது. சர்க்கரையை 50 கிராமாக்கி, லேசாகச் சுர்ரென்றதும் குளிரவைத்து, ஓரிரு நாளில் குடித்து முடியுங்கள். பையனுக்கு இஞ்சிச் சாற்றில் கடை சோடா ஊற்றிக் கொடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
சரிங்க. வாடை வந்த ஊறலை வைத்துக்கொள்ளலாமா?

கோபி அக்கா:
கொட்டிருங்க. புது இஞ்சியில் ஆரம்பிங்க. குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள், குளோரின் போய்விடும்.