ஓங்கே மக்கள் "60,000 ஆண்டு கலப்பில்லாதவர்கள்" என்ற கதை

உப்புக்காற்று:
வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வரியை நேற்று ஒருவர் இங்கேயும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்: "லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள் 60,000 ஆண்டுகளாக யாரோடும் கலக்காதவர்கள். தென்னிந்தியர் அனைவரும் அவர்களின் வாரிசுகள்." யாரோடும் கலக்காதவர்களுக்கு நாம் எப்படி ஐயா வாரிசு ஆனோம்? நீந்திப் போய் ஆனோமா?

ஆதிக்குடி:
ஒட்டியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், "ஒருவர்" எல்லாம் வேண்டாம். 2005இல் ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) தங்கராஜ் குழு சயின்ஸ் இதழில் எழுதியது. எம்31, எம்32 என்ற இரண்டு தாய்வழி மரபணுக் கிளைகள், மனிதர் ஆப்பிரிக்காவை விட்டு வந்த காலம் முதல் தனித்து நின்றவை. 60,000 ஆண்டு. படித்துவிட்டு வந்து பேசவும்.

உப்புக்காற்று:
படித்துவிட்டுத்தான் வந்தேன். ஓங்கே ஐந்து பேர், கிரேட் அந்தமானியர் ஐந்து பேர், நிக்கோபாரியர் ஐந்து பேர். பார்த்தது தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு மட்டும். அது அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று போகும் ஒற்றைக் கோடு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு மூதாதையர் இடம் 1,024. அதில் ஒரே ஒருத்தியின் கதையை வைத்துக்கொண்டு மிச்சம் 1,023 பேரும் கலக்கவில்லை என்கிறீர்கள். அப்புறம், மறுவருடமே அதே இதழில் பதில் குறிப்பு வந்தது. எம்31இன் உறவுக் கிளை ராஜ்பன்ஷி மக்களிடம், இந்தியப் பெருநிலத்திலேயே இருக்கிறது என்று. அதை ஏன் ஒட்டவில்லை? வாட்ஸ்அப்பில் வரவில்லையா?

வெள்ளெலி:
ஓங்கேயா, ஒங்கியா? முதலில் பெயரை ஒழுங்காக எழுதுங்கள், அப்புறம் மரபணு பேசலாம்.

ஆதிக்குடி:
வந்துவிட்டார் எழுத்துப்பிழை ஆணையர். உப்புக்காற்று, ஒரு குறிப்பு வந்தால் ஆய்வு பொய்யாகிவிடாது. 2009இல் நேச்சர் இதழில் மரபணு ஆய்வாளர் டேவிட் ரைக், தங்கராஜ் எல்லோரும் எழுதியதில் தென்னிந்திய மூதாதைக் கூறு ஓங்கேவோடு ஒத்துப்போகிறது என்றுதானே இருக்கிறது? தமிழன் பழமை என்று வந்தாலே சிலருக்கு வயிறு எரிகிறது. 60,000 ஆண்டு, கலப்பு இல்லை. அவ்வளவுதான்.

உப்புக்காற்று:
வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 2009 கட்டுரை சொன்னது இது: பெருநிலத்தில் அவர்கள் பார்த்த குழுக்களில் கலப்பில்லாத தென்னிந்திய மூதாதை யாருமே மிஞ்சவில்லை. எல்லாம் கலந்துவிட்டது. அதனால் தூரத்து உறவான ஓங்கேவை அளவுகோலாக வைத்தார்கள். தாத்தா போட்டோ கிடைக்கவில்லை என்று தாத்தாவின் தம்பி பேரனை உட்கார வைத்து, "தாத்தா மூக்கு இப்படித்தான் இருந்திருக்கும்" என்று வரைகிற மாதிரி. நீங்கள் அந்தப் பேரனையே தாத்தா ஆக்கி, காலில் விழுந்து ஆசீர்வாதமும் வாங்கிவிட்டீர்கள். உறவு வேறு, வாரிசு வேறு.

ஏட்டுச்சுரைக்காய்:
ஒரு சின்ன விஷயம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கும் மற்றவர்களைப் போல ஓங்கேவிடமும் எப்போதோ அழிந்துபோன நியாண்டர்தால்களின் மரபணு சுமார் 2 சதவீதம் உண்டு. அந்தக் கலப்பு நடந்தது ஏறத்தாழ 50,000 முதல் 43,000 ஆண்டுகளுக்கு முன். அப்படியானால் 60,000 ஆண்டு கலப்பில்லை என்பது கணக்கிலேயே இடிக்கிறதே?

ஆதிக்குடி:
குதர்க்கம். மனிதரோடு கலக்கவில்லை என்றால் மனிதரோடு என்று அர்த்தம். நியாண்டர்தாலை எல்லாம் யார் கணக்கில் எடுப்பார்கள்?

ஏட்டுச்சுரைக்காய்:
நியாண்டர்தாலும் மனித இனம்தான்...

துறைமுகவாசி:
போர்ட் பிளேயரில் ஆறு வருடம் இருந்தவன் நான். இங்கே பேசுகிற யாரும் ஒரு அந்தமான் பழங்குடியை நேரில் பார்த்ததில்லை. நான் அந்தமான் டிரங்க் ரோட்டில் போகும்போது, அங்குள்ள இன்னொரு பழங்குடியான ஜாரவா மக்களைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். முடி, நிறம், உயரம் எல்லாம் ஒரே அச்சு. இதற்கு ஆய்வகம் எதற்கு?

உப்புக்காற்று:
பஸ் ஜன்னலில் இருந்து மரபணு பார்க்கிற கண் எல்லோருக்கும் வாய்க்காது. அந்த ரோட்டில் அவர்களை வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் வண்டிகளை வரிசை கட்டி அனுப்புகிறார்கள். அதைப் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். "ஒரே அச்சு" என்று தோன்றுவதற்கும் தூய்மைக்கும் சம்பந்தம் இல்லை. ஓங்கே 1901 கணக்கெடுப்பில் 672 பேர், 2011இல் 101 பேர். ஆள் இப்படிக் குறைந்தால் தலைமுறைக்குத் தலைமுறை சில மரபணு வடிவங்கள் தற்செயலாகவே தொலைந்துபோகும். டிரிஃப்ட் என்பது அதுதான். பை நிறையச் சோழி இருக்கும்போது எல்லா நிறமும் இருக்கும். ஒரு கைப்பிடி மட்டும் அள்ளி, அதிலிருந்து இன்னொரு கைப்பிடி எடுத்தால் இரண்டு நிறம்தான் மிஞ்சும். அது தூய்மையா? நோயிலும் குடியேற்றத்திலும் போனவர்கள் போக, எஞ்சியவர்களின் கணக்கு. பழங்குடி என்றாலே இப்படித்தான் என்றும் நினைக்க வேண்டாம். 2010இல் ஆப்பிரிக்காவின் தெற்கே வாழும் பழங்குடியான சான் மக்கள் இருவரின் மரபணுவை ஒப்பிட்டார்கள். ஒரு ஐரோப்பியருக்கும் ஒரு ஆசியருக்கும் உள்ள வேறுபாட்டைவிட அந்த இருவருக்குள் அதிகம். ஜன்னலில் இருந்து பார்த்தால் அவர்களும் உங்களுக்கு ஒரே அச்சுதான்.

துறைமுகவாசி:
நான் வேடிக்கை பார்த்தேன் என்று எங்கே எழுதினேன்? "பார்த்தேன்" என்றுதான் எழுதினேன். வார்த்தையைத் திரிப்பது உங்களுக்குப் பழக்கம். போன மாதம் நாய் இனத் திரியிலும் இதையேதான் செய்தீர்கள்.

உப்புக்காற்று:
அந்தத் திரியில் நாட்டு நாய்க்கு ஓநாய் மாமன் என்று எழுதியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளெலி:
மாமன் இல்லை, பெரியப்பன் என்று எழுதினார். மேற்கோளாவது ஒழுங்காகக் காட்டுங்கள்.

ஆதிக்குடி:
நாயை எல்லாம் இழுத்துத் திரியைத் திசைதிருப்பியாயிற்று. என் கேள்வி அப்படியே நிற்கிறது. 60,000 ஆண்டு இல்லையென்றால் எத்தனை ஆண்டு? ஒரு எண் சொல்லுங்கள் பார்ப்போம்.

உப்புக்காற்று:
2011இல் எம்31 கிளைகளை விரிவாகப் பார்த்தவர்கள், வடகிழக்கு இந்தியப் பக்கமிருந்து பனியூழியின் பிற்பகுதியில் தீவுக்கு வந்திருக்கலாம் என்றார்கள். கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலம். அதையும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்காவில் இருந்து கிளம்பிய தேதி வேறு, தீவில் கால் வைத்த தேதி வேறு. நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரத்தையே ஆபீசில் வருகைப் பதிவாக எழுதுகிறீர்கள்.

ஆதிக்குடி:
ஆக, எண் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். 60,000.

ஏட்டுச்சுரைக்காய்:
அந்த 2 சதவீதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளெலி:
எனக்கும்தான். ஓங்கேயா, ஒங்கியா?