புதுப்பிப்பு: அந்த மண்மேடு ஏன் சும்மா கிடந்தது?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம் நான் பார்க்கும் நெடுஞ்சாலை வேலையில், அரசாங்க ரிசர்வ் நிலத்தில் மண்ணைக் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறோம், வேலையை எடுத்த குத்தகையாளர் ஓடிவிட்டாரா என்று தோட்டத்து மக்கள் கேட்கிறார்கள் என எழுதியிருந்தேன் அல்லவா? சரி, காத்திருந்தது மேடு அமிழ்ந்து இறங்குவதற்காகத்தான்; அது இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது.

இங்கே அடியில் இருப்பது தண்ணீர் கோத்த களிமண். 1885இல் கட்டிய ஊர்க் கோபுரம் சாய்ந்து நிற்பதற்கும் இப்படிப்பட்ட இளகிய மண் ஒரு காரணம். அதனால் ஒரு மீட்டர் சொச்ச இடைவெளியில் கையகல பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி, மேலே தேவைக்கு அதிகமாகவே மண் ஏற்றினோம். பாரம் அமுக்க, தண்ணீர் பட்டை வழியே ஏறி மணல் படுகையில் வடிந்துவிடும். இறங்க வேண்டியதில் பெரும்பகுதி தார் போடுமுன்பே இறங்கட்டும் என்றுதான்.

எவ்வளவு இறங்கியது என்று தெரிய, மேட்டின் அடியில் இரும்புத் தகடு பதித்து, அதிலிருந்து மேலே நீளும் கம்பியின் உயரத்தை வாரா வாரம் அளப்போம். ஏழாம் நம்பர் கம்பி ஒருநாள் வளைந்து கிடந்தது. மாடு உரசியது என்கிறார் லாரிக்காரர். (தோள் உயரத்தில் சக்கர மண் அப்பிய மாடு!) அந்த அளவு போனது போனதுதான், பக்கத்துக் கம்பிகளை நம்பி முடிவெடுத்தோம்.

இப்போது அதிகப்படி மண்ணை அள்ளுகிறோம். நேற்று ஒரு பாட்டி, “கொட்டுன மண்ணையே திரும்ப அள்றீங்களே தம்பி, கூலி யாரு கொடுக்கிறா?” என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசல் பள்ளத்துக்கு இரண்டு லாரி மண் கேட்டார். “அடுத்த பகுதிக்குக் கணக்கு வைத்த மண், பாட்டி, தர முடியாது” என்றேன்.