சார் பாதையா, சார்புப் பாதையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெள்ளவத்தையில் நான் நடத்தும் மாலை வகுப்பின் செய்முறைக் குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது; அதில் ‘relative path’ என்னும் கோப்புப் பாதை வகைக்கான தமிழ்ச் சொல்லுக்குரிய இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. சென்ற வாரம் மாணவி ஒருவர் எழுதிய பின்னணிச் சேவை, அவர் தம் கோப்புறைக்குள் இருந்து கையால் இயக்கியபோது ஒழுங்காக ஓடியது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியிடம் (systemd) ஒப்படைத்ததும், அமைவுக் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிட்டது. கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் கொடுத்த பாதை முன்சாய்கோடு (/) இல்லாமல் கோப்பின் பெயரிலேயே தொடங்கியதால், கணினி அதை நடப்புக் கோப்புறையோடு, அதாவது நிரல் அப்போது நிற்கும் கோப்புறையோடு, ஒட்டிப் படித்தது. சிஸ்டம்டியோ, வேறாகச் சொல்லாவிட்டால், முறைமைச் சேவைகளை எல்லாவற்றுக்கும் மேலான வேர்க் கோப்புறையிலிருந்தே (/) தொடங்குகிறது. பழைய யூனிக்ஸ் சேவைகளும் வேருக்கு நகர்ந்துகொள்வதே வழக்கம். இல்லாவிட்டால் அவை நிற்கும் வட்டுப் பகுதியைக் கழற்ற முடியாது.

ஆகவே உங்களுள் சிலர் அனுப்பிய ‘குறும்பாதை’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. இங்கே நீளம் ஒரு பொருட்டன்று. எதைச் சார்ந்தது என்று மாணவரைக் கேட்க வைக்கும் சொல்லே வேண்டும். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையும் சார்ந்து வருவன என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அம்மாணவியின் பாதையும் அவ்வெழுத்துகளைப் போலத் தனித்து இயங்காதது.

ஆனால் ‘சார்பு’ கணிதத்திலும் நிரலாக்கத்திலும் ஏற்கெனவே வேறொன்றுக்கு (function) பெயராகிவிட்டது. ‘சார்புப் பாதை’ என்றால் ஒரு சார்புக்குரிய பாதை என்று படிக்க இடமுண்டு. ‘சார் பாதை’ என்பது, ‘ஊறுகாய்’ போலக் காலம் மறைந்து நிற்கும் வினைத்தொகை. வலி மிகாது, பொருளும் மயங்காது. இலங்கைப் பாடநூல்களின் ‘சாரீரப்பதன்’ (சார் + ஈரப்பதன், relative humidity) இதே வேரில் பிறந்ததுதான். அது ‘சாரீரம்’ என்று காதில் விழுகிறது என்ற மறுப்பு நியாயமானது; அதனால்தான் ‘சார் பாதை’யை இடைவெளி விட்டு எழுதச் சொல்கிறேன். மறுதலையான ‘absolute path’ வேரிலிருந்து தொடங்குவதால், அதற்கு ‘வேர்ப்பாதை’ பொருந்தும். ‘முழுப்பாதை’ என்றால் மாணவருக்கு விளக்கமே தேவையில்லை என்போரின் கூற்றையும் என்னால் மறுக்க முடியவில்லை.

இதுவரை எழுதியவர்களுள் பெரும்பாலோர், சிலர் சலிப்போடாயினும், ‘சார் பாதை’க்கு இசைந்துள்ளனர். வினைத்தொகை இன்றைய மாணவருக்கு விளங்காது என்று யாழ்ப்பாணத்து நண்பர் இன்னும் மறுக்கிறார். ஞாயிறு இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால் ‘சார் பாதை’ என்றே அச்சிட்டு, அவர் விரும்பும் ‘சார்புப் பாதை’யை அடிக்குறிப்பில் சேர்ப்பேன்.