ரிம்வேர்ல்டு: ஒரே ஹாலா, ஆளுக்கொரு ரூமா?

ரிம்வேர்ல்டு என்ற காலனி கட்டும் கணினி விளையாட்டில் ஆறு பேர் கொண்ட காலனி. குளிர்காலம் நெருங்குகிறது, மரம் குறைவு. எல்லாரையும் ஒரே பேரக்ஸில் (பலர் சேர்ந்து தூங்கும் ஹால்) படுக்க வைப்பதா, ஆளுக்கொரு பெட்ரூம் கட்டுவதா? விளையாடித் தேர்ந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

*

முதலில் மரக் கணக்கு. சுவர் ஒரு கட்டத்துக்கு 5, கதவு 25. உள்ளளவு 9×6 வைத்து ஆறு கட்டில் போட்டால் சுற்றிலும் 34 கட்டம் வரும். கதவு ஒன்று, மீதி 33 சுவர்: மொத்தம் 190 மரம். இதையே 5×5 அறைகளாக, மூன்று மூன்றாக இரண்டு வரிசையில், இடைச்சுவரைப் பங்கு போட்டுக் கட்டினாலும் 116 கட்டம் ஆகிறது. ஆறு கதவுடன் 700 மரம், அதுவும் நடுவே வரும் நடைபாதையின் இரு முனைகளையும் அடைக்காமல். கட்டிலுக்கு எப்படியும் தலைக்கு 45 தனி. கையில் 300 மரம்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பேரக்ஸ்தான்.

*

மரத்தை மட்டும் பார்த்தால் எப்படி நண்பா? மூடையும், அதாவது ஆட்களின் மனநிலைப் புள்ளியையும் பாருங்கள். அறையின் தரம் (ஆட்டம் காட்டும் 'இம்ப்ரெசிவ்னஸ்' எண்) 40 முதல் 50 வரை இருந்தால் தனி அறையில் தூங்கியவருக்கு +2. அதே தரத்தில் பேரக்ஸ் என்றால் −3. ஆக ஒரே மாதிரி அறைக்கு 5 புள்ளி வித்தியாசம். தரம் 20-க்கும் கீழே போனால் தனி அறைக்கு −4, பேரக்ஸுக்கு −7. பேரக்ஸ் பிளஸ்ஸுக்கு வரவே தரம் 85-ஐத் தாண்ட வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் அதெல்லாம் எட்டாக்கனி.

ஆனால் தொடக்கத்தில் இந்த −3, −4 பெரிதாக வலிக்காது. காலனியின் சொத்து மதிப்பு குறைவாக இருக்கும் வரை 'எக்ஸ்பெக்டேஷன்' (ஆட்களின் எதிர்பார்ப்பு) மிகக் குறைவு என்பதற்காகவே +30 கிடைக்கிறது. சொத்து ஏற ஏற அந்த மெத்தை படிப்படியாக உருவப்படும். ஒருவர் மூட், மனம் உடையும் எல்லையான 35-ஐ ஒட்டி ஆட ஆரம்பிக்கும்போதுதான் பேரக்ஸின் உண்மை விலை தெரியும்.

*

தூக்கம் கலைவதை யாருமே சொல்லவில்லையே. தரத்துக்கான மைனஸை விட எரிச்சல் அதுதான். பக்கத்தில் யாராவது நடந்தாலே தூங்குபவருக்கு மைனஸ் விழும், அடுத்தடுத்து நடந்தால் சேர்ந்துகொண்டே போகும். மூடிய கதவு சத்தத்தைத் தடுக்கும். 'ஹோல்டு ஓப்பன்' போட்டு, திறந்தே இருக்கும்படி வைத்த கதவு தடுக்காது. எனவே:

பேரக்ஸை வழிப்பாதையாக்காதீர்கள். கிடங்குக்கும் சமையலறைக்கும் நடுவே வைத்தால் இரவெல்லாம் ஊர்வலம்தான். வேலை மேசை எதையும் உள்ளே போடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே தூக்க நேரம் வையுங்கள். 'நைட் அவுல்' குணம் உள்ளவர் பகலில் தூங்குபவர், அவர் ஒருவருக்காவது முதலில் தனி அறை கொடுத்துவிடுங்கள்.

*

இரண்டில் ஒன்றுதான் என்று ஏன் நினைக்க வேண்டும்? பின்னால் அறுத்துப் பிரிக்கிற மாதிரி முதலிலேயே கட்டலாம். உள்ளளவு 17×5. நீளவாக்குச் சுவரில் ஒரே பக்கமாக மூன்று கதவு, ஐந்தைந்து கட்டப் பகுதி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்று. சுவர் 45 கட்டம், கதவு மூன்று, மொத்தம் 300 மரம். இதில் ஆறு கட்டில் தாராளமாகப் போடலாம். வசதி வந்ததும் 6-வது, 12-வது வரிசையில் குறுக்குச்சுவர் எழுப்பினால் மூன்று 5×5 அறை தயார். கூடுதல் செலவு 10 கட்டம், 50 மரம்தான். எதிரே இதே போல இன்னொன்று கட்டி மற்ற மூவரையும் மாற்றிவிடலாம்.

பிரித்த அன்றே மூட் ஏறவில்லையே என்று பதற வேண்டாம். அந்த எண்ணம் தூங்கி எழும்போதுதான் புதுப்பிக்கப்படும்.

பிரித்த பிறகு பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: பழைய கட்டில் ஒன்று அறையில் மிச்சம் கிடந்தால் அது பெட்ரூமே அல்ல, மறுபடி பேரக்ஸ். தரையில் குறித்த 'ஸ்லீப்பிங் ஸ்பாட்'டும் கட்டில் கணக்குத்தான். கட்டிலை மெடிக்கல் என்று மாற்றினால் அறை மருத்துவமனை ஆகிவிடும்.

*

5×5 ஜோடிக்குப் போதாது என்று சிலர் சொல்வார்கள். காலி கட்டத்துக்கு 1.4, சாமான் உள்ள கட்டத்துக்கு 0.5 என்பது இடக் கணக்கு. இரட்டைக் கட்டில் 4, டிரெஸ்ஸர் 2, எண்ட் டேபிள் 1 போக 18 காலி. 25.2 + 3.5 = 28.7. 'ஆவரேஜ்' என்று காட்ட 29 வேண்டும், மயிரிழையில் தவறுகிறது.

*

அந்தப் பெயருக்காக 5×6 கட்ட ஓட வேண்டாம். தரத்தைக் கணக்கிடும்போது இடத்தின் எண்தான் சேர்கிறது, பெயர் அல்ல. 28.7-க்கும் 29-க்கும் நடுவே ஒன்றும் இல்லை. சொத்து, அழகு, இடம், சுத்தம் நான்கில் எது மட்டமோ அது மொத்தத்தையும் கீழே இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வெறும் மண்தரை சுத்தத்தைக் கெடுக்கும். சிலை வாங்கும் முன் கட்டத்துக்கு 3 மரம் வீதம் 75 மரத்தில் பலகை போடுங்கள். மலைக்குள் வெட்டிய அறை என்றால் தரையையும் சுவரையும் இழைக்கச் சொல்லுங்கள், உழைப்பு மட்டும்தான் செலவு.

பேரக்ஸுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: நல்ல சிலை ஒன்று வைத்தால் ஆறு பேருக்கும் பலன். தனி அறைகளில் ஆறு சிலை வேண்டும், சொத்து மதிப்பு ஏறும், வருகிற தாக்குதலும் பெரிதாகும்.

*

அறை ஒதுக்கும் வரிசை: 'ஜெலஸ்' (பொறாமை) குணக்காரருக்கு இருப்பதிலேயே நல்ல அறை, 'கிரீடி'க்கு (பேராசைக்காரர்) அடுத்தது. 'அசெட்டிக்' (துறவு மனம்) ஆளுக்கு மொட்டை அறையே போதும், அலங்கரித்தால்தான் முகம் சுளிப்பார். ஜோடியைத் தனித்தனியே படுக்கவைத்தால் அதற்கொரு மைனஸ் உண்டு. 85 மரத்தில் இரட்டைக் கட்டில் போட்டால் ஒரு அறையும் மிச்சம். ராயல்டி விரிவாக்கத்தில் பட்டம் ஏறுபவர் இருந்தால் அவருக்குப் பேரக்ஸ் செல்லாது.

ஒரே ஹாலில் படுத்தால் காய்ச்சல் பரவும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் நோய் ஆளுக்கு ஆள் ஒட்டாது.

*

குளிர்காலம் என்றதால்: ஹீட்டர் ஒன்றுக்கு 50 ஸ்டீல், ஒரு காம்பொனென்ட் (உதிரிபாகம்). ஆறு அறைக்கும் தனித்தனி ஹீட்டர் வைத்தால் ஆறு காம்பொனென்ட் போய்விடும். நடைபாதையின் இரு முனையையும் கதவு வைத்து அடைத்து, ஹீட்டரை அங்கே வைத்து, ஒவ்வொரு அறைச் சுவரிலும் 30 ஸ்டீல் வென்ட் (காற்றுத் துவாரம்) ஒன்று போடுங்கள். முனைக் கதவு திறந்தே கிடந்தால் சூடு வெளியே போகும்.