சரக்கு உட்கரு விளிம்பிலேயே நிற்கிறது, உள்ளே போகவில்லை: உதவி தேவை

கருவாசல்:
டிஜிட்டோனினால் வெளிச்சவ்வை மட்டும் துளையிட்ட ஹீலா (மனிதப் புற்று) செல்களில் உட்கரு இறக்குமதிச் சோதனை. டிஜிட்டோனின் 40 மைக்ரோகிராம்/மிலி, ஐஸில் 5 நிமிடம், பிறகு மூன்று முறை கழுவல். சரக்கு, எஸ்வி40 வைரஸின் என்எல்எஸ் (உட்கருவுக்குப் போகச் சொல்லும் முகவரித் துண்டு) கொண்ட, பச்சையாக ஒளிரும் ஜிஎஸ்டி-ஜிஎஃப்பி புரதம். 50 மைக்ரோலிட்டர் வினையில் சரக்கைச் சுமக்கும் இம்போர்ட்டின் ஆல்பா, பீட்டா தலா 1 மைக்ரோமோலார், உள்ளே சரக்கை அவிழ்க்கும் ரான் புரதம் 4 மைக்ரோமோலார். ஆற்றலுக்கு ஏடிபி 1, ஜிடிபி (GTP, குவானோசின் மூன்று பாஸ்பேட்) 1, கிரியேட்டின் பாஸ்பேட் 5 மில்லிமோலார், கிரியேட்டின் கைனேஸ். 30 டிகிரியில் 30 நிமிடம். பஃபர் வழக்கமானதுதான்: ஹெப்பீஸ் 20, பொட்டாசியம் அசிட்டேட் 110, மக்னீசியம் அசிட்டேட் 2, ஈஜிடிஏ 1 மில்லிமோலார்.

உட்கருவைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம் தெரிகிறது, உள்ளே இருட்டு. இதே செல்லில் இம்போர்ட்டின், ரான் எதுவும் போடாமல் ரெட்டிகுலோசைட் லைசேட்டை (இளஞ்சிவப்பணுக்களை உடைத்த சாறு) மட்டும் போட்டால் உட்கரு நன்றாக ஒளிர்கிறது. எங்கே இடிக்கிறது?

துளைக்காவலன்:
வளையம் தெரிவது நல்ல சேதி. ஆல்பா என்எல்எஸ்-ஐப் பிடித்திருக்கிறது, பீட்டா ஆல்பாவைப் பிடித்திருக்கிறது, சரக்கோடு மூன்றும் சேர்ந்து உட்கருத் துளையின் புரதங்களான நியூக்ளியோபோரின்களில் ஒட்டியிருக்கின்றன. லைசேட்டில் வேலை நடப்பதால் செல்லும் சரக்கும் சரி. மீதி இருப்பது ரானும் ஆற்றலும்தான். 4 டிகிரியில் வைத்தாலும் இதே மாதிரி வளையம்தான் வரும்.

பெப்டைட்பிரியன்:
ரான் ஜிடிபி வடிவத்தில் இருக்கிறதோ? அப்படியென்றால் வெளியிலேயே பீட்டாவைப் பிடித்து சரக்கைக் கழற்றிவிடும்.

துளைக்காவலன்:
அப்படியென்றால் வளையமே மங்கியிருக்க வேண்டும். ஜிடிபியை நீராற்பகுக்காத க்யூ69எல் என்ற மாற்று ரானைப் போட்டால் அதைத்தான் பார்ப்பீர்கள். இங்கே வளையம் பிடிவாதமாக நிற்கிறது. அதனால் உள்ளே சரக்கை அவிழ்க்க ரான்-ஜிடிபி கிடைக்கவில்லை என்றுதான் படிக்கிறேன். ரான் எந்த பஃபரில் இருக்கிறது?

கருவாசல்:
20 மைக்ரோமோலார் இருப்பு. டிரிஸ் 50, சோடியம் குளோரைடு 150, ஈடிடிஏ 5 மில்லிமோலார். அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுக்கிறேன். மக்னீசியம் சேர்க்கவில்லை.

துளைக்காவலன்:
அங்கேதான் சிக்கல். கணக்குப் பாருங்கள். 50-ல் 10 என்றால் வினையில், மக்னீசியத்தைக் கவ்வும் ஈடிடிஏ 1 மில்லிமோலார். சோடியம் உப்பாகப் போட்ட ஏடிபி 1, ஜிடிபி 1, இரண்டும் மக்னீசியத்தைப் பிடிக்கும். ஆக 2 மில்லிமோலார் மக்னீசியத்துக்கு 3 மில்லிமோலார் பங்காளிகள். (ஈஜிடிஏவை விட்டுவிடுங்கள், அது மக்னீசியத்தை அவ்வளவாகப் பிடிக்காது.) கிரியேட்டின் கைனேஸ் மக்னீசியம்-ஏடிபியைத்தான் கையாளும். அதைவிட மோசம், மக்னீசியம் இல்லாத பஃபரில் ரான் தன் நியூக்ளியோடைடைத் தொலைக்கும். வெறும் ரான் நிலைக்காது, திரண்டு படியும். குழாயில் 20 மைக்ரோமோலார் என்று எழுதியிருக்கலாம், வேலை செய்யும் ரான் அதில் எவ்வளவு என்பது வேறு கேள்வி.

உறுதிப்படுத்த ஒரு சோதனை: லைசேட் வினையில் ரான் இல்லாத அதே ஈடிடிஏ பஃபரை மட்டும் 10 மைக்ரோலிட்டர் போடுங்கள். உட்கரு ஒளி விழுந்தால் பஃபர்தான் குற்றவாளி.

கருவாசல்:
போட்டேன். ஒளி நன்றாகக் குறைந்துவிட்டது. 3 மில்லிமோலார் மக்னீசியம் கூடுதலாகச் சேர்த்ததும் திரும்பிவிட்டது. ரானை மீட்க முடியுமா? இன்னொன்று, துளையைக் கடக்கவே ஜிடிபி செலவாகிறதா?

துளைக்காவலன்:
பாதி மீளும். முதலில் அதிவேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, படிந்ததைத் தள்ளிவிட்டு மேல்நீரின் புரத அளவைப் புதிதாக எடுங்கள். ஈடிடிஏவை 10 மில்லிமோலாருக்கு உயர்த்துங்கள், கூடவே ஜிடிபி (GTP) அல்ல, GDP (குவானோசின் இரு பாஸ்பேட்) 1 மில்லிமோலார். அறை வெப்பத்தில் 30 நிமிடம். பிறகு மக்னீசியம் குளோரைடு 25 மில்லிமோலார் போட்டு அடைத்துவிடுங்கள். உப்புநீக்கும் நெடுவரிசை வழியாக ஈடிடிஏ இல்லாத, 2 மில்லிமோலார் மக்னீசியம் உள்ள பஃபருக்கு மாற்றி, சிறு பங்குகளாக உறைய வையுங்கள். நீராற்பகுத்த (இரு பாஸ்பேட்) வடிவத்தை ஏற்றுவதற்குக் காரணம், அதுதான் வெளியே இருக்க வேண்டிய ரான். மூன்று பாஸ்பேட் வடிவத்தை உள்ளே குரோமாட்டினில் இருக்கும் ஆர்சிசி1 என்ற புரதம் பார்த்துக்கொள்ளும்.

கடப்பதற்கு ஜிடிபி செலவில்லை. பீட்டா துளைக்குள் இருக்கும் எஃப்ஜி இழைகளில் (நியூக்ளியோபோரின்களின் நீண்ட இழைகள்) ஒட்டியும் விட்டும் தானே கடக்கும். உள்ளே மூன்று பாஸ்பேட் ரான், வெளியே இரு பாஸ்பேட் ரான் என்ற வேறுபாட்டைத் தக்கவைக்கத்தான் ஆற்றல்.

பெப்டைட்பிரியன்:
பட்டியலில் என்டிஎஃப்2 காணோமே! ரானை உள்ளே கொண்டுபோகிற ஆள் அதுதான். லைசேட்டில் தானாகவே இருக்கும், தனிப் புரதங்களை வைத்துச் செய்யும்போது நாம்தான் போட வேண்டும். 0.5 மைக்ரோமோலார் போதும்.

கட்டுப்பாடுகளையும் விடாதீர்கள். இரண்டாவது லைசினைத் திரியோனினாக மாற்றிச் செயலிழக்கவைத்த என்எல்எஸ், துளையை அடைக்கும் கோதுமை முளை அக்ளுட்டினின் 50 மைக்ரோகிராம்/மிலி, 70 கிலோடால்டன் நிறமேற்றிய டெக்ஸ்ட்ரான். டெக்ஸ்ட்ரான் உட்கருவுக்குள் தெரிந்தால் டிஜிட்டோனின் உட்கரு உறையையும் கிழித்துவிட்டது என்று பொருள். அந்தத் தட்டின் ஒளியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். டிஜிட்டோனின் ஒவ்வொரு தயாரிப்பிலும் வீரியம் மாறும், புதுப் புட்டி வந்தால் 20 முதல் 60 மைக்ரோகிராம்/மிலி வரை அளந்து பார்த்த பிறகே தொடங்குங்கள்.