டீக்கடையில் ஆளுக்கொரு மாதிரி டம்ளர்: எப்படித் தட்டிக் கேட்பது?

கேள்வி: ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனியில் இருக்கும் பட்டியல் சாதிக்காரர்களுக்குப் பேப்பர் கப். கேட்டால் "சுத்தத்துக்காக" என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் காலனிக்காரர்களிடம் பேசுங்கள். கூலி வேலையும் கடனும் ஊர்க்காரர்களை நம்பியிருந்தால் அடி அவர்கள் மேல்தான் விழும். அவர்கள் சரி என்றால் மூன்று நான்கு பேராகப் போய், "எல்லாருக்கும் ஒரே கிளாஸ்ல குடுங்கண்ணே" என்று சாதாரணமாகக் கேளுங்கள். கூட்டமான நேரம் வேண்டாம். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் வீம்பு வரும். சுத்தம்தான் காரணம் என்றால் எல்லாருக்குமே பேப்பர் கப் கொடுக்கலாமே!

பதில் 2: மசியாவிட்டால் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(za). பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதில் அடக்கம். புகாரில் தேதி, நேரம், பாதிக்கப்பட்டவரின் சாதி, பார்த்த சாட்சிகள் எல்லாம் வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால், பிறர் பார்வையில் நடந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாமல் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. "விசாரிச்சிட்டு எஃப்.ஐ.ஆர். போடறோம்" என்பார்கள் போலீஸ்காரர்கள். பிரிவு 18A-படி முன்விசாரணை தேவையில்லை. மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் 3: வன்கொடுமைப் புகார்களுக்கான இலவச உதவி எண் 14566. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி.க்குக் குறையக் கூடாது, அதையும் கவனியுங்கள்.